மூலையில் நின்ற சத்தம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் அதிர்வக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற இருக்கும் மேலதிகாரிகூட, "அதிர்வக்கா, ஒரு நிமிஷம் வாங்க" என்பார். அவருக்கு அவள் தங்கை வயது. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டால் அப்புறம் வயதாவது, மரியாதையாவது!

ஆலைகளால் வீடுகளுக்கு வரும் தொல்லைகளை அளப்பது அந்த அலுவலகத்தின் வேலை. புகைக்கு ஒருவர், கழிவுநீருக்கு ஒருவர், காதைக் கிழிக்கும் சத்தத்துக்கு இன்னொருவர். அதிர்வக்காவிடம் வருபவை வேறு ரகம். காதில் விழாமல் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும் உறுமல்கள், ஜன்னல் கண்ணாடியைக் கிலுகிலுக்க வைக்கும் நடுக்கங்கள், தலையணையில் காது வைத்ததும் தூரத்தில் ஒரு லாரி நின்றுகொண்டே இருப்பதுபோல் தோன்றும் சங்கடங்கள். இப்படிப் புகார் கொடுப்பவர்களை முதலில் வீட்டில் உள்ளவர்களே நம்பமாட்டார்கள். "உனக்கு மட்டும் எப்படிக் கேக்குது?" என்பார்கள். பாவம், அவர்கள் என்னதான் செய்வார்கள்! அழுதுவிட்டு, கடைசியில் அதிர்வக்காவிடம் வருவார்கள்.

அவள் ஒரு கறுப்புப் பெட்டியோடு போவாள். உள்ளே மூன்று கால் ஸ்டாண்டு, பஞ்சுக் குல்லாய் போட்ட மைக், கையடக்க மீட்டர், தரையில் மெழுகு வைத்து ஒட்டுகிற சுண்டுவிரல் அளவு இரும்புக் கட்டி. அந்தக் கட்டி தரையின் நடுக்கத்தைப் பிடித்துக் கொடுக்கும். வீட்டுக்குள் போனதும் ஃப்ரிட்ஜை நிறுத்தச் சொல்வாள், ஃபேனை நிறுத்தச் சொல்வாள், டிவியை நிறுத்தச் சொல்வாள். பிறகு கைகூப்பிக் கேட்பாள்.

"கொஞ்ச நேரம் யாரும் பேசாம உக்காந்திருக்கணும். அசையக்கூட வேண்டாம்."

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒரு குடும்பம் முழுக்க ஒரே அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமா? சிலர் சிரிப்பை அடக்கமுடியாமல் திணறுவார்கள். சிலருக்கு அப்போதுதான் இருமல் வரும். ஒரு வீட்டில் அளந்து முடித்துப் பெட்டியைக் கட்டும்போது, அந்த வீட்டுப் பெரியவர் மனைவியைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு அதிர்வக்காவின் காதருகே வந்து, "மேடம், வாராவாரம் வந்து அளக்க முடியுமா?" என்று கெஞ்சியிருக்கிறார்.

இத்தனைக்கும் அவளைக் கட்டிக்கொண்டவர் மைக் செட்காரர்! கூட்டம், திருமணம், திறப்பு விழா எதுவானாலும் ஆளுயர ஸ்பீக்கர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி அலற விடுவதுதான் அவர் தொழில். "புருஷன் போடுற சத்தத்தைப் பொண்டாட்டி போய் அளக்கறாளா?" என்று தெருவே சிரிக்கும். அவர் அலட்டிக்கொள்ளமாட்டார். "யார் மேல வேணா புகார் வரட்டும். என் மேல வந்தா மட்டும் நீ அன்னிக்கு லீவு போட்டுடு தாயி" என்பார். அவளும், "லீவா? முதல் ஆளா வந்து உங்க வயரைப் பிடுங்கறேன் பாருங்க" என்பாள். இப்படியே சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த குடும்பம்.

அவளுடைய நிம்மதியில் கல் விழுந்தது அட்டைப்பெட்டி ஆலைக்குப் பின்னால் இருந்த வீட்டில்.

ஆலையின் மதில்தான் அந்த வீட்டுக்கும் பின்சுவர் போல. ஒரு ஹால், ஒரு சமையலறை, உள்ளே ஒரு சின்ன அறை, அவ்வளவுதான் வீடு. சின்ன அறை மாமியாருக்கு. மகனும் மருமகளும் ஹாலில் மூலையில் போட்ட கட்டிலில். புகார் கொடுத்தவள் மருமகள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரி. கல்யாணமாகி வந்த சில வாரங்களிலேயே அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் தலைக்குள் ஏதோ உறுமுகிறது, நெஞ்சு அடைக்கிறது, பல் கூசுகிறது என்றாள். டாக்டரிடம் காட்டினார்கள், ஒரு குறையும் இல்லை. அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனாலோ மதியமே படுத்து அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறாள்!

போதாதா மாமியாருக்கு?

"அக்கா வீட்டுல வர்ற தூக்கம் புருஷன் வீட்டுல வரலைன்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க மேடம்" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் அந்த அம்மாள்.

கணவன் அதே ஆலையில் இயந்திரங்களை ஓட்டும் ஆபரேட்டர். நல்ல பிள்ளைதான், குரலை உயர்த்தியே பேசாதவன். ஆனால் நாளெல்லாம் இயந்திரங்களுக்கு நடுவில் நின்று அவன் காது மரத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்தால் அவனுக்கு உலகமே பரம அமைதி.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க" என்றான் அவன், யாரையும் பார்க்காமல். "நானும் காதைத் தீட்டிக்கிட்டு எத்தனையோ தடவை கேட்டுட்டேன்."

தையல்காரி சுவரோடு சுவராக நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். இந்தப் பெட்டிக்குள்தான் தன் வாழ்க்கை இருக்கிறது என்பதுபோல் அதிர்வக்காவின் கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிர்வக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நுழைந்தவுடன் 'ணங்' என்று முழங்காலில் ஒரு இடி! உயிர் போய் உயிர் வந்தது. ஹாலுக்கு நட்டநடுவே தையல் மிஷின்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா?" மாமியார் குதித்தாள். "இதை எங்க வச்சிருக்கா பாருங்க! வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் முட்டி போகுது. ஓரமா வைடின்னா கேக்கறதில்ல. டேய், இதைத் தள்ளி வைடா, மேடம் அவங்க மிஷினை வைக்கட்டும்."

மகன் தையல் மிஷினை ஓரமாக நகர்த்தினான். அந்த இடத்திலேயே அதிர்வக்கா ஸ்டாண்டை விரித்தாள். சாதாரணச் சத்தத்தை அளக்கும்போது சுவரை விட்டுத் தள்ளி, அறைக்கு நடுவில் வைக்கவேண்டும். அந்த வாரம் முழுக்கப் பெரிய கூடங்களில் அப்படி வைத்து வைத்துக் கை பழகியிருந்தது. முழங்கால் வலி வேறு. காலி இடம் வேறு கண்ணுக்கெதிரே கிடந்தது.

"அங்கயா வைக்கப் போறீங்க?" என்று தையல்காரி மெல்லக் கேட்டாள்.

"ஏன், மேடத்துக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்று மாமியார் வெட்டினாள். தையல்காரி வாயை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் மூச்சடக்கி உட்கார்ந்தார்கள். மீட்டரின் திரையில் கோடுகள் எழுந்தன, விழுந்தன. அடிப்பகுதிச் சத்தங்களுக்கான கோடுகள் சவலைப்பிள்ளைபோல் படுத்தே கிடந்தன. தரையில் ஒட்டிய கட்டியும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

அளந்து முடிந்ததும் அதிர்வக்கா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "பெருசா ஒண்ணும் தெரியலம்மா."

அழுதிருந்தாலாவது பரவாயில்லை. தையல்காரி வெறுமனே தலையாட்டினாள். நீங்களுமா, என்று அந்தத் தலையாட்டல் கேட்டது. மாமியாரின் முகத்தில் வெற்றி ஜொலித்தது. கணவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

சில நாட்கள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு போன்.

"நீங்கதானே அந்த அதிர்வு மேடம்? நான் அந்தப் பொண்ணோட அக்கா பேசறேன். நல்லா இருக்கீங்களா? நல்லா இருங்க. என் தங்கச்சி வாழ்க்கைக்கு மட்டும் சங்கு ஊதிட்டீங்க!"

அதிர்வக்கா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது. மீட்டர் தேவைப்படாத குரல்.

"என்னம்மா ஆச்சு, நிதானமாச் சொல்லுங்க."

"என்ன நிதானம்? கவர்மென்ட் மிஷினே ஒண்ணும் இல்லைன்னுடுச்சாம். அப்ப இவ பொய் சொல்றாளாம். இவளுக்கு அவரோட வாழ இஷ்டம் இல்லையாம். பெட்டி படுக்கையோட இங்க அனுப்பிட்டாங்க. ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காந்து பேசி முடிச்சுக்கறதா ஏற்பாடு நடக்குது. இவ என்னடான்னா, 'பைத்தியக்காரின்னு பேர் வாங்கிட்டு அங்க இருக்கறதுக்கு இதுவே மேல்'னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கா. ஆனா அந்தாளோட சட்டை ஒண்ணு இவ துணியோட வந்துடுச்சு மேடம். அதைத் தைக்கிறேன் தைக்கிறேன்னு பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறா. கிழிசலே இல்லாத சட்டை! இதுக்கு என்ன சொல்றீங்க?"

'என் மீட்டர் பொய் சொல்லாது' என்ற வார்த்தை தொண்டை வரை வந்து, ஏனோ வெளியே வரமறுத்தது.

அன்று சாயங்காலம் அவள் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, நீலம் பாரித்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மைக் செட்காரர் எதிரே வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஃப்ரிட்ஜ் புதுசா ஒரு மாதிரி முனகுது, கேக்குதா?"

அவர் வயரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். ஃப்ரிட்ஜின் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா நீ சொன்னா இருக்கும். நாளைக்கு ஆளை வரச் சொல்றேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு வயரை எடுத்துக்கொண்டார்! அதிர்வக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருந்தால் அவள் புகாரே கொடுத்திருக்கமாட்டாளே!

"தைலம் கண்ணுல பட்டுடுச்சா?" என்றார் அவர்.

"ஆமா."

"எங்கதான் போய் இப்படி இடிச்சுக்கிட்ட?"

"ஒரு வீட்டுல. ஹாலுக்கு நடுவுல தையல் மிஷின்."

"நடுவுலயா? எந்தத் தையல்காரியாவது நடுவுல போடுவாளா? ஜன்னலோரமாத்தானே வெளிச்சம் இருக்கும்?"

தைலம் தேய்த்த கை அப்படியே நின்றது.

அந்த ஹாலில் ஜன்னல் இருந்தது. பெரிய ஜன்னல். நல்ல வெளிச்சம். நாளெல்லாம் ஊசி கோர்க்கும் ஒருத்தி, வெளிச்சத்தை விட்டுவிட்டு, மாமியாரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, எல்லோர் முட்டியையும் பதம் பார்த்துக்கொண்டு எதற்காக நடு ஹாலில் போய் உட்காருகிறாள்?

அவளால் அங்கே மட்டும்தான் உட்காரமுடிகிறது!

அதிர்வக்கா 'அட கடவுளே' என்று தலையில் கைவைத்தாள். கீச்சென்ற சத்தம் அறை முழுக்கச் சிதறும். ஆனால் தாழ்ந்த உறுமலின் அலை நீளமானது, ஒரு அறை நீளத்துக்கு வரும். தொட்டியில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் என்ன ஆகிறது? இரண்டு விளிம்பிலும் தளும்பித் தளும்பி ஏறும், நடுவில் மட்டும் தண்ணீர் ஏறாமல் இறங்காமல் நிற்கும். அறைக்குள் அந்த உறுமலும் அப்படித்தான். சுவரோரத்திலும் மூலையிலும் குவிந்து நிற்கும், நடுவில் இல்லாததுபோல் இருக்கும். மூலையில் வைத்து அளக்கவேண்டும் என்பது அவள் தொழிலின் பாலபாடம். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது!

மூலையில் கட்டில். கட்டிலில் தூக்கமில்லாமல் அந்தப் பெண். அவள் தப்பித்து ஓடிவந்து உட்கார்ந்த ஒரே இடத்தைக் காலி செய்யச் சொல்லி, அங்கேயே மைக்கை நட்டு, 'ஒண்ணும் தெரியலம்மா' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் அதிர்வக்கா.

மறுநாள் காலை அவள் மறுபடி அந்த வாசலில் நின்றாள். மாமியார் மட்டும் இருந்தாள். தையல் மிஷின் ஜன்னலோரத்துக்குப் போயிருந்தது, மேலே ஒரு துணி போர்த்தியிருந்தது. கட்டில் மூலையில் மைக்கை வைத்தவுடன், சென்றமுறை படுத்துக்கிடந்த கோடுகளில் ஒன்று விருட்டென்று எழுந்து திரையின் உச்சியைத் தொட்டது. நடு ஹாலுக்கு நகர்த்தினாள், படுத்துக்கொண்டது. மறுபடி மூலை, மறுபடி எழுந்தது.

"அம்மா, நான் அன்னிக்குத் தப்பான இடத்துல வச்சு அளந்துட்டேன். உங்க மருமக சொன்னது நிஜம்" என்றாள்.

மாமியார் மீட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கு இல்லைன்னுச்சு, இன்னிக்கு இருக்குங்குது. இதுக்கென்ன ரெண்டு நாக்கா? அவ அக்காக்காரி உங்களுக்குப் போன் போட்டு ஏதாவது பேசினாளா?"

தகவல் தெரிந்து ஆலையிலிருந்து வந்த ஆபரேட்டரும் தாயின் பக்கம்தான் சாய்ந்தான். ஆனால் மரியாதையாக.

"கோவிச்சுக்காதீங்க மேடம். சத்தமே இருக்குன்னு வைங்க. எங்கிருந்து வருது? எங்க ஆலையில எத்தனையோ மிஷின் ஓடுது. அதுல ஒண்ணு உறுமி, அது இவளுக்கு மட்டும் கேக்குதுன்னா... எனக்குப் புரியல."

"புரிய வைக்கறேன். அடுத்த பராமரிப்பு நாள் என்னிக்கு?"

ஆலையில் இயந்திரங்களை நிறுத்திச் சுத்தம் செய்யும் நாள் வாரத்தில் ஒன்று உண்டு. அன்று ஆபரேட்டர் தன் இஷ்டப்படி, எந்த வரிசையில் வேண்டுமானாலும் ஒவ்வொரு இயந்திரமாக நிறுத்தவேண்டும். வரிசை அதிர்வக்காவுக்கும் தெரியக்கூடாது. நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குப் போன் செய்து சொல்லவேண்டும். வீட்டில் தையல்காரி கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். உறுமல் நின்றால் அவள் சொல்லவேண்டும். அவள் சொல்வதும் மீட்டர் சொல்வதும் போன் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா, பார்த்துவிடலாம். ஆலை மேலாளர், தன் இயந்திரத்தில் கோளாறு இருக்கவே முடியாது என்ற நம்பிக்கையில் உடனே சம்மதித்தார்.

தையல்காரியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அக்காக்காரிதான் ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள்.

"வந்துட்டேன். ஆனா இதுதான் கடைசி" என்றாள் தையல்காரி. "இன்னிக்கும் ஒண்ணும் இல்லைன்னு வந்தா, மேடம், விலகிக்கறேன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்."

மாமியார் சோபாவில் நீதிபதிபோல் அமர்ந்தாள். அக்காக்காரி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது. தையல்காரி மூலையில் கண்ணை மூடிக்கொண்டாள். அதிர்வக்கா ஒரு கையில் மீட்டரும் மறு கையில் போனுமாக, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. போன் மின்னியது. "கம்ப்ரஸரை நிறுத்திட்டேன்" என்றான் ஆபரேட்டர். தையல்காரி அசையவில்லை. கோடும் அசையவில்லை. மாமியார் தொண்டையைக் கனைத்தாள். அக்காக்காரி முறைத்தாள்.

மறுபடி போன். "வெட்டற மிஷின் நின்னுடுச்சு." தையல்காரி பேசவில்லை. மறுபடி. "தண்ணி மோட்டார்." ஊஹூம். மாமியாரின் முகம் மலர ஆரம்பித்தது. அக்காக்காரியின் உதடுகள் ஏதோ வேண்டுதலில் முணுமுணுத்தன. ஒரு பெண்ணின் வாழ்க்கையை இப்படி நடு வீட்டில் வைத்து...

"நின்னுடுச்சு!"

தையல்காரி கண்ணைத் திறக்காமலே கத்தினாள். திரையில் அந்தக் கோடு மளமளவென்று சரிந்துகொண்டிருந்தது. போன் இன்னும் மின்னவில்லை. எல்லோரும் போனையே பார்த்தார்கள். பெட்டிக்குள் பாம்பு இருப்பதுபோல் பார்த்தார்கள்.

மின்னியது. அதிர்வக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கூரை மேல இருக்கற பெரிய ஃபேனை நிறுத்தினேன் மேடம். தூசி இழுக்கற ஃபேன்."

அக்காக்காரி 'ஐயோ என் கண்ணே' என்று ஓடிவர இருந்தாள். அதிர்வக்கா கையைக் காட்டித் தடுத்தாள். இன்னும் முடியவில்லை. மறுபடி ஓடவிட்டால் அதையும் சொல்கிறாளா என்று பார்க்கவேண்டும்.

"சரிப்பா. இப்ப அதைத் திரும்பப் போடுங்க. போட்டுட்டுச் சொல்லுங்க."

போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் காலடிச் சத்தம். பிறகு அவன் குரல். "போட்டுட்டேன் மேடம். ஓடுது."

எல்லோரும் தையல்காரியைப் பார்த்தார்கள். அவள் புருவத்தைச் சுருக்கினாள். தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள்.

"இல்லையே" என்றாள்.

"என்ன இல்லை? அதான் போட்டுட்டான்கறானே!" என்று மாமியார் பாய்ந்தாள்.

"ஓடல."

"என் புள்ள பொய் சொல்றானா?"

"எனக்குத் தெரியாது அத்தை. ஆனா ஃபேன் ஓடல."

அதிர்வக்கா மீட்டரைப் பார்த்தாள். கோடு படுத்தே கிடந்தது. போனை வாயருகே கொண்டுபோனாள்.

"தம்பி, இங்க அவ ஓடலைங்கறா."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, உடைந்த குரலில் அவன் சொன்னான்.

"ஆமா மேடம். நான் போடல. சும்மாதான் சொன்னேன். என்ன சொல்றான்னு பாக்கலாம்னு..."

அதன்பிறகு அவன் நிஜமாகவே போட்டான். கோடு எழும்பிய அதே கணத்தில் தையல்காரியின் தோள்கள் இறுகின. "இப்ப ஓடுது" என்றாள். யாரும் அவளிடம் கேட்கவே இல்லை.

ஜெயித்துவிட்டாள்! அக்காக்காரி அவளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டாள். மாமியார்கூட எழுந்து, "சரி சரி, எனக்கென்ன தெரியும், எனக்கு டிவியே சத்தமா வச்சாத்தான் கேக்கும்" என்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் ஜெயித்தவள் சிரிக்கவில்லை. ஆபரேட்டர் ஆலையிலிருந்து ஓடிவந்து மூச்சு வாங்க வாசலில் நின்றபோது, அவள் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பற? அதான் கண்டுபிடிச்சாச்சே" என்றான்.

"கண்டுபிடிச்சது அவங்க மிஷினு. நீங்க கடைசி வரைக்கும் நான் மாட்டிக்கிறேனான்னுதானே பாத்தீங்க?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஃபேனைச் சரி பண்ணுங்க, பண்ணாம போங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

போய்விட்டாள். அக்காக்காரி அதிர்வக்காவைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். ஆபரேட்டர் அந்தக் கட்டிலில், மூலையில், போய் உட்கார்ந்தான்.

அடுத்து வந்த நாட்களில் ஆலையில் நடந்ததெல்லாம் அதிர்வக்காவுக்குத் தெரிந்த வேலைதான். கூரை ஃபேனின் காலடியில் இருந்த ரப்பர் மெத்தைகள் கல்லாய்க் காய்ந்து போயிருந்தன. புதிதாகப் போட்டார்கள். பெல்ட் சக்கரத்தை மாற்றி ஓட்டத்தைக் குறைத்தார்கள். காற்றுக் குழாய்க்குச் சத்தம் தின்னும் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். மேலாளர் முனகிக்கொண்டே சம்மதித்தார். ஃபிட்டரோடு கூரை ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியது ஆபரேட்டர்தான் என்று கேள்விப்பட்டாள். அவள் போய் மூலையில் வைத்து அளந்தாள். கோடு கிட்டத்தட்ட அடங்கிவிட்டது.

அதற்கு மறுநாள் ஆபரேட்டர் போன் செய்தான்.

"மேடம், ஒரு உதவி. நீங்க அவகிட்டப் போய், சத்தம் போயிடுச்சு, வீட்டுக்குப் போம்மான்னு ஒரு வார்த்தை சொல்லணும். மீட்டரைக் கையோட கொண்டுபோனா நல்லது."

"நீயே போய்ச் சொல்லேன்பா."

"நான் சொன்னா நம்பமாட்டா மேடம்."

அதிர்வக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"என்னது மேடம்?"

"சொன்னதை நம்பமாட்டாங்கன்னா எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"வச்சுடறேன் மேடம்" என்று மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலம் அதிர்வக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அக்காக்காரியின் அழைப்பு வந்தது. அவளா இது! ஆச்சரியம், கிசுகிசுக்கும் குரலில் பேசினாள்.

"மேடம், வந்திருக்காரு! வாசல்ல நிக்கறாரு. இவ எந்திரிக்கவே இல்ல, தைச்சுக்கிட்டே இருக்கா. சட்டையை மட்டும் சட்டுன்னு மடியில ஒளிச்சுட்டா. நீங்களும் கேளுங்க, நான் போனை இப்படியே பிடிச்சுக்கறேன்."

"வேண்டாம்மா, அது தப்பு" என்றாள் அதிர்வக்கா. சொல்லிக்கொண்டே போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வயர் சுற்றிக்கொண்டிருந்த மைக் செட்காரர் நகர்ந்து நகர்ந்து வந்து தன் காதையும் போனின் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

தூரத்தில் அவன் குரல்.

"ஃபேனைச் சரி பண்ணிட்டோம்."

"யார் சொன்னா?" அவள் குரல். "மேடம் அளந்தாங்களா?"

"அளந்தாங்க. அதைச் சொல்ல வரல. ராத்திரி உன் இடத்துலதான் படுத்தேன். சுவத்துல கையை வச்சுப் பாத்தேன், தலையை வச்சுப் பாத்தேன். எனக்கு முன்னயும் தெரியல, இப்பவும் தெரியல. எனக்குத் தெரியவே தெரியாது. நீதான் வந்து சொல்லணும். இருக்குன்னு சொன்னா நாளைக்கே மறுபடி கூரை ஏறிப் பிரிச்சுடறேன்."

"நான் சொன்னா போதுமா? மிஷின் வச்சுப் பாக்கவேண்டாமா?"

"நீ சொன்னா போதும்."

போனில் இப்போது எந்தக் குரலும் இல்லை. மைக் செட்காரர், "என்ன ஆச்சு, லைன் போயிடுச்சா?" என்றார் பதறி. "உஷ்!" என்றாள் அதிர்வக்கா.

"மேடம்..." அக்காக்காரியின் கிசுகிசு, தழுதழுத்து வந்தது. "அழறா மேடம். அவரு உள்ள வந்துட்டாரு. இருங்க, அவரும் அழறாரு. ஐயோ, இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், எனக்கும் அழுகை வருதே..."

"அக்கா, யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?"

தடால் புடால் என்று ஏதோ சத்தம். போன் கைமாறியது தெரிந்தது.

"மேடமா?" தையல்காரிதான். மூக்கை உறிஞ்சினாள். "எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன்மா. மன்னிச்சுக்கோ."

"பரவாயில்ல மேடம். நான் வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன். மறுபடி ஏதாவது உறுமுச்சுன்னா உங்களுக்குப் போன் பண்ணட்டுமா?"

"எனக்கெதுக்கு? பக்கத்துல படுத்திருக்கறவரை எழுப்பிச் சொல்லு."

அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"அவரை எழுப்பறது அவ்வளவு லேசுன்னு நினைச்சீங்களா மேடம்?" என்றாள்.